முருகனுக்குக் குடும்பப் பெயர் என்ன?



தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கு வந்த எவரும் முதன்முதலாக இடறி விழும் இடம் ஒன்று உண்டு. அது தாதர் ரயில் நிலையத்தின் கூட்டமல்ல, படிவங்களில் பெயருக்காக அச்சிட்டிருக்கும் மூன்று கட்டங்கள். குடும்பப் பெயர், தன் பெயர், தந்தை பெயர் என்று மராட்டிய வழக்கப்படி மூன்றையும் கேட்பார்கள். நம்மவரிடம் இருப்பதோ எஸ். முருகன். 'எஸ்' என்பது தகப்பனார் செல்வத்தின் முதலெழுத்து. குடும்பப் பெயருக்கு எங்கே போவது? ஒரு வீட்டில் சாதிப் பெயரை எழுதினார்கள். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னதை மறக்காத இன்னொரு வீட்டில் ஊர்ப் பெயரை எழுதினார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு புள்ளி வைத்தார்கள். அந்தப் புள்ளியே பிறகு மகனுக்கும் பேரனுக்கும் குடும்பப் பெயராகத் தொடர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட தொடக்ககாலக் கணிப்பொறியான டிஃப்ராக் நம் மும்பையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. 1960இல் அது வேலை செய்யத் தொடங்கியது. அதைக் கட்டிய குழுவின் தலைவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். இன்றைய வலைப் படிவம் ஒன்றில் அவர் தம் பெயரை அப்படியே தட்டியிருந்தால், 'குடும்பப் பெயர் இல்லை' என்று கணிப்பொறி அவரையே திருப்பி அனுப்பியிருக்கும்!

கணிப்பொறி ஏன் அப்படித் திருப்பி அனுப்புகிறது? இதைப் புரிந்துகொண்டால், நம் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் 'கிளாஸ்', 'எக்ஸெப்ஷன்' ஆகிய இரண்டும் பெற்றோருக்கும் புரிந்துவிடும். பைத்தான் என்ற மொழியை வைத்துச் சொல்கிறேன். ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கைடோ வான் ராஸம், 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கிய மொழி இது. 1991இல் வெளியிட்டார். பெயரைக் கேட்டு மலைப்பாம்பு என்று எண்ண வேண்டாம். அவர் ரசித்த ஆங்கில நகைச்சுவைத் தொடர் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது.

முதலில் கிளாஸ், அதாவது வகுப்பு. (வகுப்பு என்றதும் பள்ளிக்கூட வகுப்போ, வகுப்புவாதமோ நினைவுக்கு வர வேண்டாம்.) விடியற்காலையில் தாராவியிலிருந்து இட்லி கொண்டுபோய் நகரமெங்கும் விற்கிறவர்களை அறிவீர்கள். அவர்கள் வீட்டு இட்லித் தட்டு ஒரு வகுப்பு. அதில் வேகும் ஒவ்வோர் இட்லியும் ஒரு பொருள். குழியின் வடிவம் ஒன்றுதான், இட்லிகள் ஆயிரம். ஆனால் கணிப்பொறியின் வகுப்பு வடிவத்தை மட்டும் தருவதில்லை, அந்தப் பொருளால் என்னென்ன செய்ய முடியும் என்பதையும் சேர்த்தே தருகிறது. எண்ணைக் கூட்டலாம், பெருக்கலாம். சொல்லை வெட்டலாம், ஒட்டலாம். சொல்லை எண்ணால் வகுக்கச் சொன்னால் மறுத்துவிடும்.

பைத்தானில் சில வகுப்புகள் கேட்காமலே கிடைக்கும். முழு எண்ணுக்கு 'இன்ட்', புள்ளி வைத்த எண்ணுக்கு 'ஃப்ளோட்', எழுத்துச் சரத்துக்கு 'ஸ்டர்', வரிசைக்கு 'லிஸ்ட்', அகராதிக்கு 'டிக்ட்'. ரேஷன் கடைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டை எண்ணைச் சொன்னால் குடும்பத்தின் பெயர் வருகிறதல்லவா, அதுதான் 'டிக்ட்'. கடைக்கு வெளியே நிற்கும் வரிசைதான் 'லிஸ்ட்'. ஆனால் இந்த வரிசையில் முதல் ஆளின் எண் 1 அல்ல, 0. புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் பாதிப்பேர் இங்கேதான் தடுமாறுவார்கள். இவை தவிர தேதி, நேரம், கணிதம், கோப்பு ஆகியவற்றுக்கான வகுப்புகள் மொழியோடு சேர்ந்தே வரும் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியையும் பெட்டிக்குள் வைத்தே விற்கும் பொம்மை என்று பைத்தான்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வது வழக்கம்.

இனி விதிவிலக்கு. பழைய மொழிகளில் ஒரு வேலை நடக்கவில்லையென்றால், 'மைனஸ் 1' போன்ற ஓர் எண்ணைத் திருப்பித் தருவார்கள். அதைப் பார்த்துப் புரிந்துகொள்வது எழுதுகிறவரின் பொறுப்பு. அவர் பார்க்க மறந்தால், அந்த மைனஸ் 1 உண்மையான விடைபோல் அடுத்த கணக்குக்குள் புகுந்துவிடும். விதிவிலக்கு என்ற ஏற்பாடு இதற்கு நேர்மாறானது. நடக்காத வேலை, நடக்கவில்லை என்று கூவும். கூவலை யாராவது ஏற்றுப் பதில் சொல்ல வேண்டும். யாரும் ஏற்காவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். எந்த வரியில் நின்றது, ஏன் நின்றது என்பதையும் எழுதி வைத்துவிட்டே நிற்கும்.

இந்தக் கூவல்களும் வகுப்புகள்தான் என்பதுதான் அழகு. அவற்றுக்கு வம்சாவளி உண்டு. தலைமூத்தவர் 'பேஸ் எக்ஸெப்ஷன்'. அவருடைய பிள்ளை 'எக்ஸெப்ஷன்'. அதற்குக் கீழே 'லுக்அப் எரர்' என்றொரு கிளை இருக்கிறது. அதன் பிள்ளைகள் இருவர். பதிவேட்டில் இல்லாத அட்டை எண்ணைக் கேட்டால் 'கீ எரர்', பத்துப்பேர் நிற்கும் வரிசையில் பதினோராவது ஆளைக் கேட்டால் 'இன்டெக்ஸ் எரர்'. இன்னொரு கிளை கணக்குப் பிழைகள். வசூலான பணத்தை வராத குடும்பங்களுக்குப் பங்கிடச் சொன்னால், அதாவது பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால், 'ஜீரோ டிவிஷன் எரர்'. இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால் 'ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர்'. எச்சரிக்கைகளையும் சேர்த்து எண்ணினால், 60க்கும் மேற்பட்ட இத்தகைய வகுப்புகள் பைத்தானோடு பிறந்தவை. 'நேம் எரர்' என்றும் ஒன்று உண்டு. அது நம் முருகனின் பெயரைப் பற்றியதல்ல. நிரல் எழுதியவர் தாம் வைத்த பெயரைத் தாமே எழுத்துப் பிழையோடு எழுதினால் வருவது.

வம்சாவளியால் என்ன பயன்? குடும்பத்தில் ஒருவருக்கு அழைப்பிதழ் கொடுப்பதற்கும் குடும்பத்தோடு வாருங்கள் என்பதற்கும் உள்ள வேறுபாடுதான். 'கீ எரர்' வந்தால் மட்டும் என்னிடம் அனுப்பு என்று எழுதலாம். 'லுக்அப் எரர்' வந்தால் அனுப்பு என்று எழுதினால், அதன் இரண்டு பிள்ளைகளும் வந்துவிடும். 'எக்ஸெப்ஷன்' என்று எழுதினால் ஏறக்குறைய ஊரே வந்துவிடும். ஏறக்குறைய என்றேன். விசைப்பலகையில் நிறுத்தச் சொல்லி நாம் தரும் கட்டளை 'கீபோர்டு இன்டரப்ட்' என்ற விதிவிலக்காக வருகிறது. அது 'எக்ஸெப்ஷ'னின் பிள்ளை அல்ல, தம்பி. 2006இல் வந்த 2.5ஆம் பதிப்பில் அப்படிப் பிரித்து வைத்தார்கள். இல்லாவிட்டால் எல்லாப் பிழைகளையும் அள்ளிக்கொள்ளும் நிரலை, அதன் சொந்தக்காரரே நிறுத்த முடியாமல் போகும்.

சரி, எஸ். முருகனுக்கு வருவோம். பெயரை இடைவெளியில் வெட்டு, கிடைக்கும் மூன்று துண்டுகளையும் மூன்று கட்டங்களில் போடு என்று ஒருவர் நிரல் எழுதியிருக்கிறார். முருகன் வெட்டுப்பட்டால் இரண்டு துண்டுகள்தான் கிடைக்கும். மூன்றை எதிர்பார்த்தேன், இரண்டுதான் இருக்கிறது என்று பைத்தான் 'வேல்யூ எரர்' எழுப்பும். வேடிக்கை என்னவென்றால், இந்த நிரல் இனி மராட்டியக் குழந்தைகளுக்கும் சரிப்படாது. 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரை அரசு ஆவணங்களில் எழுதும்போது தாயின் பெயரையும் சேர்க்க வேண்டுமென்று மகாராஷ்டிர அரசு விதித்திருக்கிறது. தன் பெயர், தாய் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று துண்டுகள் நான்கு. மூன்றை எதிர்பார்த்தேன், அதிகமாக இருக்கிறது என்று அதே 'வேல்யூ எரர்' மறுபடியும் கூவும். தாயின் பெயருக்கு இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். உலகத்தார் எல்லோருக்கும் பெயர் மூன்று சொல் என்று எண்ணிக்கொண்டு எழுதியவர்பாடுதான் திண்டாட்டம்.

நிரல் நின்றுவிடுவது தொல்லை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால் நேர்ந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் பள்ளி திறக்கும் சமயம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் பையும் கொடுப்பதற்கான பட்டியலைக் கணிப்பொறியில் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. பெரும்பாலான பெயர்கள் பள்ளிப் பதிவேட்டிலிருந்து வந்தவை. இந்த ஊர் வழக்கப்படி மூன்று சொற்களாகவே இருந்தன. அவற்றை மூன்றாகப் பிரித்து, குடும்பப் பெயரை வைத்து அடுக்கினேன். பட்டியலின் கடைசியில் சில வெற்று வரிகள் கிடந்தன. வெற்று வரியில் மூன்று துண்டுகள் ஏது? நிரல் 'வேல்யூ எரர்' என்று நின்றது. இரவு பதினொரு மணி. மறுநாள் விழா. பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று இரண்டு வரி சேர்த்தேன். நிரல் தடையில்லாமல் ஓடிற்று. நிம்மதியாகத் தூங்கினேன்.

விழாவில் பைகள் கொடுத்து முடிந்தபிறகு, 11 பிள்ளைகள் கையை வீசிக்கொண்டு நின்றார்கள். அந்த ஆண்டுதான் ஊரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். பெற்றோர் கையால் எழுதிக் கொடுத்த பெயர்கள், இனிஷியலும் பெயருமாக இரண்டே துண்டுகள். கணிப்பொறி அவர்களுக்காகப் பதினொரு முறை கூவியிருக்கிறது. நான்தான் அதன் வாயைப் பொத்திவிட்டேன். வெற்று வரியும் ஒரு குழந்தையின் பெயரும் என் நிரலுக்கு ஒன்றாகவே போயின. ஒரு சிறுமி தன் அம்மாவிடம், 'நம்ம பேரு அவங்ககிட்ட இல்லையாம்மா?' என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

பை பரவாயில்லை, மறுநாள் வாங்கிக் கொடுத்துவிட்டோம். ஆனால் 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, எத்தனை கோலிகளில் டிரங்குப் பெட்டிகள் திறக்கப்பட்டன! ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருந்தோம் என்று காட்ட வேண்டியவர்களுக்கு, எஸ். முருகனும் முருகன் செல்வமும் ஒரே ஆள்தான் என்பது உயிர்நாடியான செய்தி. இத்தகைய பட்டியல்கள் எங்கே தயாரானாலும் சரி, பொருந்தாத பெயரைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும் நிரல் வேண்டாம். நின்று கேட்கும் நிரல்தான் வேண்டும்.

நிற்பதிலும் முறை உண்டு என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பியர்களின் ஆரியான் 5 ஏவுகணை பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூவிலிருந்து தன் முதல் பயணம் புறப்பட்டு, சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. பக்கவாட்டு வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 64 பிட் இடத்திலிருந்து 16 பிட் இடத்துக்கு மாற்றினார்கள். பதினாறு பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. வந்த எண் அதைவிடப் பெரியது. ஏடா மொழியில் எழுதிய அந்த நிரல் முறைப்படி விதிவிலக்கை எழுப்பியது. ஏற்பார் யாருமில்லை. விதிவிலக்கு வந்தால் கருவி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதேபோல் நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே நிரல்தான் என்பதால், அதுவும் அதே காரணத்தால் முன்னமே நின்றிருந்தது. பழைய ஆரியான் 4க்கு எழுதியதை அப்படியே எடுத்து வைத்ததால் வந்த வினை. ஆபத்தான ஏழு எண்களில் நான்குக்கு மட்டும் காவல் போட்டு, மூன்றை விட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு தரையைவிட்டுக் கிளம்பியபின் எதற்குமே தேவைப்படாதது என்பதுதான் வயிற்றெரிச்சல். பைத்தானின் 'இன்ட்' வகுப்புக்கு இத்தகைய எல்லை கிடையாது. நினைவகம் உள்ளவரை எண் வளரும்.

கூவாமலே தவறும் இடங்களும் உண்டு, அவற்றையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பைத்தானிடம் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 0.3 வராது, 0.30000000000000004 வரும். இரண்டின் மடங்குகளில் எண்ணும் இயந்திரத்தால் பத்தில் ஒன்றைத் துல்லியமாக எழுத முடியாது. நாம் மூன்றில் ஒன்றை 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவதுபோலத்தான். எந்த விதிவிலக்கும் எழாது. சீட்டுக் கணக்கோ வட்டிக் கணக்கோ எழுதுகிறவர்கள் 'ஃப்ளோட்'டை விட்டுவிட்டு, நூலகத்திலுள்ள 'டெசிமல்' வகுப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

தமிழ் எழுத்து என்று வரும்போது இது இன்னும் சுவையாகிறது. 'தாராவி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று முதல் வகுப்புப் பிள்ளை சொல்லும். பைத்தானின் 'ஸ்டர்' வகுப்பு ஆறு என்கிறது. யூனிகோடு முறையில் 'தா' என்பது தகரமும் காலுமாக இரண்டு குறிகள். பைத்தான் எண்ணுவது குறிகளைத்தான். அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் 'கனி'யை 'கமலா'வுக்கு முன்னால் வைக்கும். ஏனென்றால் யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து உட்கார்ந்திருக்கிறது, நம் நெடுங்கணக்கில் அது கடைசி எழுத்து. இதற்கும் எந்தக் கூவலும் எழாது. எழுத்தை எழுத்தாகவே எண்ணித் தரும் 'ஓபன் தமிழ்' என்ற நூலகத்தைத் தமிழ் ஆர்வலர்கள் உருவாக்கித் தந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரான முத்து அண்ணாமலை, 'எழில்' என்ற பெயரில் முழுக்கத் தமிழ்ச் சொற்களாலான நிரல்மொழியையே செய்திருக்கிறார். அதில் அச்சிடுவதற்கான கட்டளை 'பதிப்பி'.

இப்போது முத்துலட்சுமி என்ற பெயரைப் பாருங்கள். நம் கணக்கில் ஏழு எழுத்து, குறிகள் பதின்மூன்று. பரவலாக வழங்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆக 39 பைட்டுகள். ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து, பெயருக்கு 20 பைட்டு போதும் என்று ஒருவர் கட்டம் அமைத்துவிட்டார் என்று வையுங்கள். முதல் ஆறு குறிகளுக்கு 18 பைட்டு போய்விடும். அடுத்து வரும் லகரத்துக்கு மூன்று வேண்டும், இருப்பது இரண்டு. பாதி வெட்டுப்பட்ட லகரத்தோடு பெயர் சேமிக்கப்படுகிறது. திரும்ப எடுத்துப் படிக்கும்போது, இது எழுத்தே அல்ல என்று பைத்தான் 'யூனிகோடு டிகோடு எரர்' எழுப்புகிறது. இதுவும் 'வேல்யூ எர'ரின் வம்சந்தான், பேரப்பிள்ளை. எழுதியவர் பொறுமையிழந்து, புரியாத பைட்டுகளை விட்டுவிடு என்று ஒரு சொல் சேர்த்தால் கூவல் அடங்கிவிடும். திரையில் வருவது என்ன தெரியுமா? 'முத்து'. சரியான, அழகான தமிழ்ப் பெயர். ஐயப்பட இடமே இல்லை. முத்துலட்சுமி அம்மாள் மட்டும் பட்டியலில் இல்லை!

நம் பிள்ளைகள் எத்தனையோ அலுவலகங்களில் உட்கார்ந்து இத்தகைய நிரல்களை எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சந்தான். எந்தப் பிழைக்குப் பதில் தெரியுமோ அதை மட்டும் பெயர் சொல்லிப் பிடியுங்கள். தெரியாததை மேலே போக விடுங்கள். பிடித்ததையும் விழுங்காமல் எங்காவது எழுதி வையுங்கள். 'ஃபைனலி' என்றொரு பகுதி இருக்கிறது. இட்லி வெந்தாலும் வேகாவிட்டாலும் வீட்டை விட்டுக் கிளம்புமுன் கேஸ் சிலிண்டரை மூடுவது போல, வேலை முடிந்தாலும் முறிந்தாலும் செய்தே தீர வேண்டியதை அங்கே எழுதுங்கள். பொருத்தமான விதிவிலக்கு இல்லையென்றால் 'வேல்யூ எர'ருக்கு ஒரு பிள்ளையாக நீங்களே ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அதற்குத் தமிழிலேயே பெயர் சூட்டவும் பைத்தான் இடம் தருகிறது.

என் நிரலுக்கு 'விவரக்குறை' என்று வைத்திருக்கிறேன். பெயரை இப்போது வெட்டுவதில்லை. முழுப்பெயர் என்று ஒரே கட்டம். அதோடு எத்தனையாவது படிக்கிறார், பெற்றோரின் தொலைபேசி எண் என்ன, அவ்வளவுதான். வெற்று வரியை, அது வெற்று வரிதானா என்று பார்த்த பிறகே தாண்டுகிறது. மற்றபடி எது குறைந்தாலும் வரி எண்ணோடு நின்று கேட்கிறது. போன முறை பட்டியல் போடும்போது மூன்று இடங்களில் நின்றது. இரண்டில் படிப்பு விவரம் விட்டுப்போயிருந்தது. மூன்றாவதில் பெயரே இல்லை, தொலைபேசி எண் மட்டும் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம். குழந்தைக்கு இன்னும் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் விட்டுவிட்டோம் என்றார் தாயார். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம்.